சுண்டைக்காய் கால் பணம்

தேர்வுகள் முடியும் பருவத்தில் நம் வளாகங்களில் இரண்டு பேச்சுகள் தவறாமல் கிளம்பும். ஒன்று மதிப்பெண்ணைப் பற்றியது. மற்றொன்று பயணத்தைப் பற்றியது. பாங்காக், பாலி, கேமரன் மலை என்று சுற்றிவந்த அந்தப் பேச்சில் இப்போது உல்லாசக் கப்பலும் சேர்ந்துகொண்டுள்ளது. விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். எம்ஆர்டி ரயிலில் மரினா சவுத் பியர் நிலையம் வரை சென்றால் போதும். கப்பல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி எல்லாம் ஒரே கட்டணத்தில் என்கிறார்கள். படிப்பு முடித்து முதல் சம்பளம் வாங்கியவர்கள் அப்பா அம்மாவைக் கப்பலில் அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறார்கள்.

நல்ல ஆசைதான். பொருள் தேடக் கடல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பொழுதுபோக்கக் கடல் ஏறுகிறோம். அதில் தவறு காண நான் வரவில்லை. எந்தக் கப்பலில் போவது என்ற கேள்விக்கு நாம் விடை காணும் முறைதான் எனக்குக் கவலை தருகிறது. இரண்டு விளம்பரங்களை அருகருகே வைத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்களில் எது சிறியது என்று மட்டும் பார்க்கிறோம். பொருளியலும் கணக்கியலும் பொறியியலும் படிக்கும் நாம், பயணம் என்றவுடன் படித்ததை எல்லாம் வகுப்பறையிலேயே விட்டுவிடுகிறோம். கப்பல் கட்டணத்தை ஒப்பிடுவது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை. அதைக் கற்காமல் போனால் நட்டம் நமக்கு மட்டுமன்று. நம்மை நம்பி உடன் வரும் பெற்றோருக்கும், அந்தக் கப்பலில் உழைக்கும் ஊழியருக்கும் சேர்த்துத்தான்.

போட்டி வளர்ந்த கதை

மலேசியாவின் கெந்திங் குழுமம் 1993-ல் 'ஸ்டார் குரூசஸ்' நிறுவனத்தைத் தொடங்கியது. 1999-ல் வந்த 'சூப்பர்ஸ்டார் வெர்கோ' கப்பலை நம் அண்ணன் அக்காமார் பலருக்கு நினைவிருக்கும். அக்காலத்தில் இங்கு உல்லாசக் கப்பல் என்றாலே பெரும்பாலோர்க்கு அந்த ஒரு பெயர்தான். 2012-ல் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம் திறக்கப்பட்டது. மிகப் பெரிய கப்பல்களும் வந்து நிற்க வழி பிறந்தது. மயாமியைத் தலைமையிடமாகக் கொண்ட 'ராயல் கரீபியன்' நிறுவனம் 2019-ல் 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' கப்பலை இங்கிருந்து இயக்கத் தொடங்கியது.

கொவிட் கிருமித்தொற்று உலகக் கப்பல்களை எல்லாம் கரையில் கட்டிப்போட்ட நிலையில், 2020 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து 'எங்கும் நிற்காத' பயணங்கள் தொடங்கின. பின்னர் 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங் நிறுவனம் நொடித்துப்போனது. அதே ஆண்டு ஜூனில் 'ரிசார்ட்ஸ் வோர்ல்ட் குரூசஸ்' என்ற புதிய பெயரில், 'கெந்திங் ட்ரீம்' கப்பலுடன் பழைய வணிகம் மறுபிறவி எடுத்தது. நொடித்த நிறுவனத்துக்காக ஜெர்மனியில் கட்டப்பட்டு, பாதியில் நின்றுபோன ஒரு மாபெரும் கப்பலை 2022-ல் டிஸ்னி நிறுவனம் வாங்கியது. அதற்கு 'டிஸ்னி அட்வென்ச்சர்' என்று பெயரிட்டு, சிங்கப்பூரைத் தளமாக அறிவித்தது. 2025 டிசம்பரில் நடப்பதாக இருந்த அதன் முதல் பயணம் 2026 மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஆக, ஒரு கடையில் வாங்கிய காலம் போய், மூன்று பெரிய கடைகள் எதிரெதிரே நின்று கூவி அழைக்கும் காலம் வந்துவிட்டது. போட்டி வந்தால் வாடிக்கையாளருக்கு நன்மை என்று பாடநூல் சொல்கிறது. ஒப்பிடத் தெரிந்த வாடிக்கையாளருக்கு மட்டுமே அந்த நன்மை முழுதாகக் கிடைக்கும் என்பதைப் பாடநூல் அழுத்திச் சொல்வதில்லை.

விளம்பர விலையும் உண்மை விலையும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள் நம் பெரியவர்கள். கப்பல் விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடைக்காது.

விளம்பரத்தில் வரும் கட்டணம் பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் தொகை. அதுவும் சன்னலே இல்லாத உள்ளறைக்கு. அதன்மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் ஏறும். பின்னர், 'ஊழியர் சேவைக்காக' என்று ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை சேரும். இணைய வசதி, மதுபானம், சிறப்பு உணவகங்கள், கரையில் சுற்றிப் பார்க்கும் பயணங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இந்த எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் விலையும் அன்று. முதல் கப்பலில் 3 இரவுகளுக்கு விளம்பர விலை 399 வெள்ளி. இரண்டாவது கப்பலில் 4 இரவுகளுக்கு 599 வெள்ளி. இரண்டிலும் துறைமுகக் கட்டணமும் வரியும் 120 வெள்ளி; ஊழியர் சேவைத் தொகை இரவுக்கு 25 வெள்ளி. விளம்பரத்தில் தெரியும் வித்தியாசம் 200 வெள்ளி. மாணவர் கண்ணுக்கு முதல் கப்பல்தான் இனிக்கும்.

இப்போது கூட்டுவோம். முதல் கப்பலுக்கு மொத்தம் 594 வெள்ளி. இரவுக்கு 198 வெள்ளி. இரண்டாவதற்கு மொத்தம் 819 வெள்ளி. இரவுக்கு 205 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. 200 வெள்ளியாகத் தெரிந்த வித்தியாசம் இரவுக்கு 7 வெள்ளிக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னும் ஒரு படி போவோம். கப்பல் முதல் நாள் மாலையில்தான் புறப்படும். கடைசி நாள் காலையில் இறங்கிவிட வேண்டும். எனவே 3 இரவுப் பயணத்தில் முழு நாள் இரண்டுதான். 4 இரவுப் பயணத்தில் மூன்று. ஒரு முழு நாளுக்கு முதல் கப்பலில் 297 வெள்ளி; இரண்டாவதில் 273 வெள்ளி. மலிவு என்று நினைத்தது விலை கூடியதாகவும், விலை கூடியது என்று ஒதுக்கியது மலிவாகவும் மாறிவிட்டன!

கையில் இருப்பதே 600 வெள்ளி என்றால் முதல் கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் குற்றமில்லை. 'குறைந்த செலவு' என்பதும் 'மலிவு' என்பதும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தனியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறைக்கு இருவர் என்பதே கணக்கு என்பதால், ஒருவராகத் தங்கினால் பெரும்பாலும் இருவர் கட்டணத்தையும் அவரே கட்ட நேரிடும். நால்வராகச் சேர்ந்து ஓர் அறையில் தங்கும் மாணவர்களுக்கு மூன்றாம், நான்காம் பயணிக்குச் சலுகை கிடைக்கலாம். ஆனால் துறைமுகக் கட்டணமும் சேவைத் தொகையும் தலைக்குத் தலை உண்டு. 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

குடை கொடுத்த கப்பல்

கப்பல் கட்டணப் போட்டி நமக்குப் புதிதன்று. தமிழர் வரலாற்றிலேயே அதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட முனைந்தார். அந்த வழித்தடத்தை அதுவரை கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். போட்டி வந்ததும் அது கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கப்பலில் எட்டணா. அடுத்து, வெள்ளையர் நிறுவனம் பயணத்தையே இலவசமாக்கிக் கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று வ.உ.சி.யின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1908-ல் வ.உ.சி. சிறை சென்றார். 1911-ல் அவரது கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

அந்தக் குடையை வாங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழைக்கு எட்டணாவும் பெரிது. ஆயினும் விலை தரைக்கு வரும்போது 'இதை யார் கட்டுகிறார்கள், எதற்காக?' என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

இன்றைய குடைக்கும் காரணம் உண்டு. ராயல் கரீபியன் குழுமத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், அதன் வருமானத்தில் பத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு பயணச்சீட்டுக்கு வெளியே, கப்பலுக்குள் நடக்கும் செலவுகளிலிருந்தும் பிற வழிகளிலிருந்தும் வருகிறது. எனவே மலிவான சீட்டு என்பது கடைக்குள் அழைக்கும் வாசற்கதவு. சூதாட்டக் கூடம், மது, நகைக்கடை, புகைப்படம் ஆகியவை உள்ளே காத்திருக்கின்றன. நடுக்கடலில் அடுத்த கடை என்று ஒன்று இல்லை. அறையைத் திறக்கும் அட்டையே கடன் அட்டையும் ஆகிவிடும்போது காசு போவதும் தெரிவதில்லை. மன உறுதி உள்ளவருக்கு மலிவுச் சீட்டு உண்மையிலேயே மலிவு. அது இல்லாதவருக்கு உலகிலேயே விலை உயர்ந்த சீட்டு அதுவாகத்தான் இருக்கும்.

பெரிய கப்பல் என்பது எவ்வளவு பெரியது?

விலைக்கு அடுத்து மதிப்பு. 'எங்கள் கப்பல் பெரியது' என்பது எல்லாருடைய விளம்பரத்திலும் உண்டு. கப்பலின் அளவை 'மொத்த டன்' என்று குறிப்பிடுவார்கள். பலரும் இதை எடை என்று நினைக்கிறார்கள். அது எடையன்று, கப்பலின் உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தின் கன அளவிலிருந்து கணக்கிடப்படும் எண். எனவே அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

'கெந்திங் ட்ரீம்' ஏறத்தாழ 1,50,700 டன். அறைக்கு இருவர் என்ற கணக்கில் சுமார் 3,350 பயணிகள். வகுத்தால் 45. 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' ஏறத்தாழ 1,68,700 டன். அதே கணக்கில் சுமார் 4,180 பயணிகள். வகுத்தால் 40. அதாவது சிறிய கப்பலில்தான் தலைக்குக் கிடைக்கும் இடம் அதிகம். 'டிஸ்னி அட்வென்ச்சர்' சுமார் 2,08,000 டன் என்றும், ஏறத்தாழ 6,700 பயணிகளை ஏற்றும் என்றும் சொல்லப்படுகிறது. இது எல்லாக் கட்டில்களும் நிரம்பிய நிலைக்கான எண்ணிக்கை என்பதால், முன்னவற்றோடு அப்படியே ஒப்பிட்டால் தவறான விடை வரும். இதுவும் ஒரு பாடம். இரண்டு எண்களை ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே அளவுகோலால் அளந்தவையா என்று பார்க்க வேண்டும்.

இடம் மட்டும் மதிப்பாகிவிடாது. யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே மதிப்பு அமையும். செயற்கை அலைச்சறுக்கு, வான்குதிப்பு அனுபவக் கூடம் ஆகியவை குவாண்டம் வகைக் கப்பல்களின் பெருமை. இருபது வயதுக்காரருக்கு அவை சரி. முழங்கால் வலியுள்ள அப்பாவுக்கு அவற்றால் என்ன பயன்? டிஸ்னி கப்பலின் 3, 4 இரவுப் பயணங்கள் வேறெந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சிங்கப்பூருக்கே திரும்பும் வகையில் அமைக்கப்பட்டவை. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது குறையாகத் தோன்றாது. பினாங்கையோ புக்கெட்டையோ பார்க்க விரும்புகிறவருக்கு அது பெருங்குறை. இந்தியச் சைவ உணவும் ஹலால் உணவும் தருவதில் கெந்திங் ட்ரீம் தனிக் கவனம் காட்டுகிறது. வெளியூரில் தயிர்சோறு தேடும் அம்மாவுக்கு, மேல்தளத்தில் இருக்கும் எந்த இயந்திரத்தைவிடவும் அதுதான் பெரிய வசதி.

பயன்படுத்தாத வசதிக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். ஆகவே விளம்பரத்தில் உள்ள வசதிப் பட்டியலை எடுத்து, நம் குடும்பத்தில் ஒருவரும் தொடமாட்டார் என்று தெரிந்தவற்றை அடித்துவிடுவோம். மிஞ்சுவதை வைத்து ஒப்பிடுவோம்.

யார் தோளில் இந்த மலிவு?

இனி நாம் அதிகம் பேசாத பகுதிக்கு வருகிறேன். சேவைத் தொகையை எப்படித் தவிர்ப்பது, கப்பலின் வரவேற்புக் கூடத்துக்குச் சென்று எப்படி நீக்கச் சொல்வது என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வது இப்போது கெட்டிக்காரத்தனமாகிவிட்டது. நண்பர்களே, அந்தக் கெட்டிக்காரத்தனம் நமக்கு வேண்டாம்.

உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பகாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைத் தாங்கிச் செல்கின்றன. நாம் ஏறும் நாட்டின் தொழிலாளர் சட்டம் அங்கே பெரும்பாலும் செல்லாது. உலகக் கடலோடிகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2013-ல் நடப்புக்கு வந்தது. அதன்படி ஓர் ஊழியர் எந்த 24 மணி நேரத்திலும் 14 மணி நேரம் வரையிலும், எந்த 7 நாளிலும் 72 மணி நேரம் வரையிலும் வேலை செய்ய வைக்கப்படலாம். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் வழி நிர்ணயிக்கப்பட்ட, பயிற்சி பெற்ற கடலோடிக்கான குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் மாதத்திற்கு 673 அமெரிக்க டாலராக இருந்தது. அறையைச் சுத்தம் செய்து, துவாலையை யானை வடிவில் மடித்து வைத்துவிட்டுப் போகும் அந்தத் தம்பிக்கு மாதக்கணக்கில் வீடு கிடையாது.

நம் முன்னோர் பலர் 'ரஜூலா' போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து இந்த மண்ணுக்கு வந்தவர்கள். ஒப்பந்தம், கூலி, பிடித்தம் ஆகிய சொற்களின் எடை நம் குடும்பங்களுக்குத் தெரியும். அந்த நினைவுள்ள ஒரு சமூகம், கடலில் உழைப்பவரின் பங்கில் கைவைத்து நாளுக்கு இருபது முப்பது வெள்ளி மிச்சம் பிடிக்கலாமா? சம்பளத்தை முழுதாகத் தரவேண்டியது முதலாளியின் கடமைதானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியை நிறுவனத்திடம் கேட்போம். அதற்கான தண்டனையை ஊழியருக்குத் தரவேண்டாம். சேவைத் தொகையையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். அதைச் சேர்த்தால் கட்டுப்படியாகாத பயணம் நமக்குக் கட்டுப்படியாகாத பயணம்தான்.

நாம் கேட்க வேண்டியவை

இது தனிமனிதர் விழிப்போடு முடிகிற செய்தியும் அன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் விளம்பர விலையிலேயே சேர்க்க வேண்டும் என்ற சட்டத்தை 2024 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. அதையொட்டிப் பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்நாட்டு விளம்பரங்களில் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே காட்டத் தொடங்கின. சிங்கப்பூரிலும் விலை வெளிப்படைத்தன்மைக்கான வழிகாட்டி நெறிகள் 2020 நவம்பர் முதல் உள்ளன. ஓரிடத்தில் முழு விலையைக் காட்ட முடிந்தவர்களால் நமக்கும் காட்ட முடியும். கேட்பவர் இருந்தால் காட்டுவார்கள். முன்பதிவு செய்யும் முன் "எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு? எழுதித் தாருங்கள்" என்று கேட்பதற்குக் கூச்சம் தேவையில்லை.

கெந்திங் ஹாங்காங்கின் வீழ்ச்சி இன்னொரு கேள்வியையும் கற்றுத் தந்தது. கப்பல் பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறோம். இடையில் பயணம் நின்றால் அந்தப் பணம் என்ன ஆகும்? மூழ்காத கப்பலிலும் பணம் மூழ்கலாம். நிறுவனம் நொடித்துப்போனால் இழப்பை ஈடுகட்டும் பயணக் காப்புறுதி உண்டா, பணத்தைத் திருப்பித் தரும் விதிமுறை என்ன என்று பார்த்துவிட்டே பணம் கட்டவேண்டும். அதிகப்படியான முன்பதிவுச் சலுகையில் மிச்சமாகும் ஐம்பது வெள்ளியை இந்த ஆபத்தோடு சேர்த்தே நிறுக்க வேண்டும்.

"இப்படிக் கணக்குப் பார்த்தால் பயணத்தில் என்ன இன்பம்?" என்று சிலர் கேட்கலாம். கணக்கைக் கரையில் முடித்தவருக்குத்தான் கடலில் இன்பம். கடைசி நாள் காலையில் அறைக் கதவின் கீழே செருகப்படும் பட்டியலைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் மூன்று நாள் பார்த்த கடலையும் மறந்துவிடுகிறார்கள்.

பேரவை உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். குழுவாகவோ குடும்பத்தோடோ கப்பல் பயணம் திட்டமிடும்போது ஒரு தாளை எடுத்து மொத்தச் செலவு, முழு நாள் ஒன்றுக்கு ஆகும் செலவு, நாம் உண்மையில் பயன்படுத்தப்போகும் வசதிகள், பணத்தின் பாதுகாப்பு என நான்கு கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அவற்றை நிரப்புங்கள். அரைமணி நேர வேலை. அதன்பின் எந்தப் பெயர் கொண்ட கப்பலில் ஏறினாலும் எனக்கு மறுப்பில்லை. அம்மாவுக்குப் பிடித்த சாப்பாடும், அப்பா கால் நீட்டி உட்காரக் கடல் தெரியும் ஒரு நாற்காலியும், அறையைத் துடைப்பவருக்கு நியாயமான பங்கும் அந்த விலைக்குள் அடங்கியிருந்தால் அதுவே நல்ல பேரம்.